கொழுப்பே இல்லாத உடம்புக்கு ஏன் சர்க்கரை நோய் வருகிறது?

லிப்போடிஸ்ட்ரோபி என்று ஒரு நோய் உண்டு, மிக அரிதானது. அதன் கடுமையான வகையில் குழந்தை பிறக்கும்போதே உடம்பில் கொழுப்புத் திசு ஏறக்குறைய இருக்காது. தோலுக்கு அடியில் இருக்க வேண்டிய மெத்தை இல்லாததால் தசையும் ரத்தக் குழாய்களும் அப்படியே புடைத்துத் தெரியும், கன்னம் ஒட்டியிருக்கும், விஷயம் தெரியாதவர் பார்த்தால் பயில்வான் உடம்பு என்றுகூட நினைத்துக்கொள்வார். சரி, கொழுப்பே இல்லாதவருக்குச் சர்க்கரை நோய், ஃபேட்டி லிவர், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு ஏறுவது இதெல்லாம் வரவே கூடாதல்லவா? நடப்பது நேர் எதிர். இவர்களுக்குத்தான் இந்த மூன்றும் சின்ன வயதிலேயே, மிக மோசமாக வருகின்றன. இன்சுலினை எவ்வளவு ஏற்றினாலும் சர்க்கரை அடங்காது. கல்லீரல் கொழுப்பால் வீங்கிக் கிடக்கும். ரத்தத்தை எடுத்து ஒரு குழாயில் வைத்தால் பால் போல வெளுத்திருக்கும் அளவுக்குக்கூடக் கொழுப்பு ஏறும்.

கொழுப்பு கூடியவர்களுக்கு வரும் அதே நோய்கள் கொழுப்பே இல்லாதவர்களுக்கும் வருகின்றன என்றால், கொழுப்புத் திசுவைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் எங்கேயோ கோளாறு இருக்கிறது. அது எங்கே என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். தமிழில் 'கொழுப்பு' என்ற ஒரே சொல்லை நாலு வேலைக்கு வைத்திருக்கிறோம். சாப்பாட்டில் இருக்கும் எண்ணெய், வெண்ணெய் வகையறா கொழுப்பு. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு "கொழுப்பு கூடியிருக்கு" என்று சொல்வது பெரும்பாலும் கொலஸ்டிராலை. வயிற்றைக் கிள்ளினால் கையில் வருவதும் கொழுப்பு. எதிர்த்துப் பேசினால் உனக்குக் கொழுப்பு. இங்கே பேசப்போவது மூன்றாவதை மட்டும். கொலஸ்டிரால் வேறு சரக்கு. செல்களின் மேலுறை, பித்த நீர், சில ஹார்மோன்கள் இவற்றைக் கட்ட உடம்பு அதைப் பயன்படுத்துகிறது, எரித்து ஆற்றலாக்குவதில்லை. வயிற்றில் சேர்வது ட்ரைகிளிசரைடு: கிளிசரால் என்ற சின்ன முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமில வால்கள் தொங்கும் ஒரு மூலக்கூறு. இது எரியும், நன்றாகவே எரியும்.

இந்த ட்ரைகிளிசரைடு உடம்பில் சும்மா கொட்டிக் கிடக்கவில்லை. ஒவ்வொரு துளியும் ஒரு செல்லுக்குள் இருக்கிறது. கொழுப்புச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: உள்ளே ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளி, அது கிட்டத்தட்ட மொத்த இடத்தையும் பிடித்துக்கொள்ள, செல்லின் மற்ற சாமான்களும் உட்கருவும் ஓரமாக ஒடுங்கிக் கிடக்கும். மோதிரத்தில் கல் பதித்த மாதிரி என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல கொழுத்த செல் ஒன்று 0.1 மில்லிமீட்டர் குறுக்களவு வரும், அதையும் தாண்டும். ரத்தச் சிவப்பணு இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தச் செல்களைச் சுற்றி ரத்தக் குழாய்கள், நரம்பு இழைகள், நோய் எதிர்ப்புச் செல்கள், தேவைப்பட்டால் புதுக் கொழுப்புச் செல்லாக மாறக் காத்திருக்கும் குருத்தணுக்கள் எல்லாம் இருக்கின்றன. ரத்த ஓட்டமும் நரம்பும் உள்ள, உயிருள்ள திசு. உடம்பின் மூலையில் குவித்த சதைக் குப்பை இல்லை.

சேமிப்பு என்றால் கொழுப்பாகத்தான் சேமிக்க வேண்டுமா, சர்க்கரையாகவே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. உடம்பு சர்க்கரையையும் சேமிக்கிறது, கிளைக்கோஜன் என்ற வடிவத்தில். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். இரண்டையும் சேர்த்து எரித்தால் ஏறக்குறைய 2,000 கலோரி, அதாவது ஒரு நாள் செலவு. அவ்வளவுதான் கையிருப்பு. ஏன் இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளவில்லை என்றால், எடை. ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்துவைத்துக்கொள்ளும். 4 கலோரிக்காக 4 கிராமைச் சுமக்க வேண்டும். கொழுப்பு தண்ணீரோடு ஒட்டாது, கிராமுக்கு 9 கலோரி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 70 கிலோ எடையுள்ள ஒருவரிடம் 12 கிலோ கொழுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த 12 கிலோவில் 1,08,000 கலோரி இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 என்றால் 54 நாள் தாங்கும். அதே ஆற்றலைக் கிளைக்கோஜனாக, தண்ணீரோடு சேர்த்து வைத்திருந்தால் 108 கிலோ ஆகியிருக்கும், ஆளின் எடை 166 கிலோ. பசித்த வேட்டை மிருகம் துரத்தும்போது அந்த எடையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது. நாம் ஒல்லியாக இருக்க முடிவதற்கே காரணம் கொழுப்புதான் என்று சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

இந்தச் சேமிப்பு எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கஸ் பார்பியரி, வயது 27, எடை 207 கிலோ. 1965 ஜூனில் தண்டீ நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் உண்ணாவிரதம் தொடங்கினார். தண்ணீர், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், காபி, அவற்றோடு வைட்டமின்கள், சில தாது உப்புகள். 382 நாள் சாப்பிடவில்லை. முடித்தபோது 82 கிலோ. ஒரு வருடத்துக்கு மேல் அவரை ஓட்டியது அவருடைய கொழுப்புத் திசுதான். படித்துவிட்டு யாரும் முயன்று பார்த்துவிட வேண்டாம்; அந்தக் காலத்தில் இதே போன்ற மருத்துவப் பட்டினியில் இறந்தவர்களும் உண்டு, ஏனென்றால் உடம்பு கொழுப்பை மட்டும் தின்னாது, தசையையும் தின்னும், இதயமும் ஒரு தசை.

ஆனால் கொழுப்பு என்றால் பஞ்ச காலத்துக்கு மட்டும் திறக்கும் களஞ்சியம் என்று நினைத்துவிடக் கூடாது. அது தினமும் திறந்து மூடும் கடை. சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும், இன்சுலின் என்றால் சர்க்கரையைக் குறைப்பது என்று மட்டும் நமக்குத் தெரியும், கொழுப்புச் செல்லுக்கு அது சொல்லும் செய்தி வேறு: "வருவதை உள்ளே எடு, இருப்பதை வெளியே விடாதே." சில மணி நேரம் கழித்து இன்சுலின் இறங்கியதும் செல் தன் ட்ரைகிளிசரைடை உடைத்து, கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் விடத் தொடங்கும். ஓடினாலோ பயந்தாலோ அட்ரினலின் வந்து இதை முடுக்கிவிடும். எண்ணெய் தண்ணீரில் கரையாதே, ரத்தத்தில் எப்படிப் போகும்? ஆல்புமின் என்ற புரதத்தின் முதுகில் ஏறிப் போகும். இரவு தூங்கும்போது நீங்கள் பெருமளவு கொழுப்பில்தான் ஓடுகிறீர்கள். இதயத்துக்குச் சாதாரண நாட்களிலும் முக்கிய எரிபொருள் கொழுப்பு அமிலம்தான். மூளை மட்டும் அடம்பிடிக்கும், அதற்குக் கொழுப்பு அமிலத்தை நேரடியாக எரிக்கத் தெரியாது. பட்டினி நாட்கணக்கில் நீளும்போது கல்லீரல் அதே கொழுப்பு அமிலத்தைக் கீட்டோன்களாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. உடைந்த ட்ரைகிளிசரைடில் மிஞ்சும் கிளிசராலையும் வீணாக்குவதில்லை, அதிலிருந்து கல்லீரல் கொஞ்சம் சர்க்கரை தயாரித்துக்கொள்ளும்.

சேமிப்பு தவிர இருக்கும் மெத்தை வேலையை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லிவிடும் என்பதால் வேகமாகக் கடந்துவிடலாம். தோலடிக் கொழுப்பு குளிரைத் தடுக்கும். குதிகாலில் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து அடைத்த கொழுப்பு நடக்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கண் குழிக்குள் விழியைச் சுற்றி, சிறுநீரகத்தைச் சுற்றி எல்லாம் கொழுப்புப் பொதிவு இருக்கிறது. வயிற்றுக்குள் குடலின் முன்னால் ஒரு கொழுப்புத் திரை தொங்குகிறது, ஓமென்டம் என்பார்கள். அறுவை மருத்துவர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'வயிற்றின் போலீஸ்காரர்'. குடல்வால் அழற்சியோ ஓட்டையோ எங்காவது ஏற்பட்டால் இந்தத் திரை அங்கே போய் ஒட்டிக்கொண்டு, சீழ் பரவாமல் சுற்றி வளைத்துவிடும். அதற்குள் நோய் எதிர்ப்புச் செல்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. எனக்குப் பிடித்த கொழுப்பு இதுதான்.

இனி வருவது சுவாரசியமான பகுதி. 1990களின் தொடக்கம்வரை கொழுப்புத் திசுவை மருத்துவ உலகமும் ஊமைக் கிடங்காகத்தான் பார்த்தது. அதை மாற்றியது ஓர் எலி.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் என்று ஒன்று, எலிகளை வளர்த்து மரபியல் ஆராய்வதற்குப் பெயர்போனது. 1949இல் அங்கே ஒரு எலிக் குடும்பத்தில் சில குட்டிகள் நிறுத்தாமல் தின்று பூதாகாரமாக ஊதின. ஒரே ஒரு மரபணுவில் பழுது. பின்னால் 1960களில் அதேபோல இன்னொரு குண்டு எலி வகையும் கிடைத்தது, அதற்குக் கடுமையான சர்க்கரை நோயும் இருந்தது. டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர் ஒரு விசித்திரமான சோதனை செய்தார்: இரண்டு எலிகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் போகும்படி செய்தார். முதல் வகைக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு தைத்தபோது குண்டு எலி சாப்பாட்டைக் குறைத்து இளைத்தது. இரண்டாம் வகையைச் சாதாரண எலியோடு தைத்தபோதோ, குண்டு எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்தில் இருந்த சாதாரண எலி சாப்பிடுவதை நிறுத்திப் பட்டினியில் செத்தது. கோல்மன் இதிலிருந்து ஊகித்தது: ரத்தத்தில் 'போதும்' என்று சொல்லும் ஒரு பொருள் ஓடுகிறது. முதல் எலிக்கு அதைத் தயாரிக்கத் தெரியவில்லை. இரண்டாம் எலி அதை ஏராளமாகத் தயாரிக்கிறது, ஆனால் அதற்குக் காது கேட்கவில்லை.

அந்தப் பொருள் எது, எங்கே உற்பத்தியாகிறது என்று கண்டுபிடிக்க இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு, முதல் வகை எலியில் பழுதாகியிருந்த அந்த மரபணுவைப் பிடித்தது. அது செய்யும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள், மெல்லிய என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து. அதை முக்கியமாக உற்பத்தி செய்வது வேறு எதுவும் அல்ல, கொழுப்புச் செல்லேதான். கொழுப்பு எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப லெப்டின் ரத்தத்தில் ஓடும், மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் அதைப் படித்து "சரி, கையிருப்பு போதும்" என்று புரிந்துகொள்ளும். தோலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ப் பை மூளைக்குத் தினமும் கணக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி.

மனிதரிலும் இது உண்டா என்பதற்குச் சாட்சி 1997இல் வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் லெப்டின் சுரக்கவே முடியாத இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள், இருவரும் உறவினர்கள். எட்டு வயதுப் பெண் குழந்தை 86 கிலோ, இரண்டு வயது ஆண் குழந்தை 29 கிலோ. பசி அடங்காது, எவ்வளவு கொடுத்தாலும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். உடம்பெல்லாம் கொழுப்பு, ஆனால் மூளைக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி போகாததால் அது "பஞ்சம், பஞ்சம்" என்றே கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கியது, ஒரு வருடத்தில் 16 கிலோ குறைந்தது. இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எட்டு வயதுக் குழந்தை அடங்காமல் தின்றதை வளர்ப்பு சரியில்லை, வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று ஊர் சொல்லியிருக்கும். உண்மையில் குறைந்தது ஒரே ஒரு புரதம்.

அப்படியென்றால் எடை குறைய எல்லோரும் லெப்டின் போட்டுக்கொள்ளலாமே? மருந்து நிறுவனங்களும் அப்படித்தான் ஆசைப்பட்டன. பலிக்கவில்லை. சாதாரணமாக எடை கூடியவர்களுக்கு லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, மூளைதான் அதைச் சரியாகக் கேட்பதில்லை. இன்னொன்று, லெப்டின் உண்மையில் நிறைவைச் சொல்வதைவிடக் குறைவைச் சொல்வதில்தான் கெட்டிக்காரன். கொழுப்பு குறையத் தொடங்கியதும் லெப்டின் சரசரவென்று இறங்கும், உடனே பசி ஏறும், உடம்பு செலவைச் சுருக்கும். டயட் இருப்பவர்களுக்கு நடப்பது இதுதான். கர்ப்பம் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறதா என்று மூளை முடிவு செய்வதற்கும் இதே செய்தி ஓர் ஆதாரம்; மிகவும் இளைத்துப்போகும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதில் லெப்டினுக்கும் பங்கு உண்டு.

லெப்டின் கிடைத்த பிறகு வரிசை கட்டிக்கொண்டு மற்றவையும் வந்தன. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல உதவும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் கொழுப்புச் செல்லில் இருந்து வருகிறது, வினோதமாகக் கொழுப்பு கூடக் கூட இது குறைகிறது. கொழுப்புத் திசுவில் இருக்கும் ஒரு நொதி ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது, மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் வருவது பெருமளவு இந்த வழியில்தான். அந்த வயதில் உடல் பருமன் இருந்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது தொடக்கத்தில் விட்ட புதிருக்குத் திரும்பலாம்.

சாப்பிட்டதில் மிஞ்சும் கொழுப்பு எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். கொழுப்புச் செல் அதை வாங்கிப் பத்திரமாக மூடி வைத்துக்கொள்ளும், அந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட செல் அது. கல்லீரல், தசை, கணையம் ஆகியவற்றின் செல்கள் அப்படி அல்ல. அவற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தால் அவற்றின் சொந்த வேலை கெடும்: கல்லீரலும் தசையும் இன்சுலின் சொல்வதைக் கேட்காது, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் நொந்துபோகும். லிப்போடிஸ்ட்ரோபி உள்ளவரிடம் கொழுப்பை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. வீட்டில் குதிர் இல்லை, நெல்லை அடுப்பங்கரையிலும் படுக்கையிலும் கிணற்றடியிலும் கொட்டியாகிவிட்டது. நோய் வந்தது கொழுப்பு இருந்ததால் அல்ல, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால்.

இது வெறும் ஊகம் இல்லை. கொழுப்புத் திசுவே இல்லாதபடி மரபணு மாற்றிய எலிகளுக்குக் கடும் சர்க்கரை நோய் வந்தது. 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு எலியின் கொழுப்பை எடுத்து அவற்றின் தோலுக்கு அடியில் வைத்தார்கள், சர்க்கரை நோய் சரியாயிற்று. கொழுப்பை ஏற்றிச் சர்க்கரை நோயைத் தீர்த்தார்கள் என்பதை இன்னொரு தடவை வாசித்துக்கொள்ளுங்கள். மனித நோயாளிகளுக்குக் காணாமல்போன லெப்டினை ஊசியாகக் கொடுத்தால் பசி குறைகிறது, கல்லீரல் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு, சர்க்கரை எல்லாம் இறங்குகின்றன; பொதுமக்களுக்குப் பலிக்காத அந்த மருந்து இவர்களுக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

உடல் பருமனில் நடப்பதும் ஏறக்குறைய இதே கதைதான், வேறு வாசல் வழியாக. குதிர் இருக்கிறது, ஆனால் நிரம்பி வழிகிறது. கொழுப்புச் செல் தன் அளவுக்கு மேல் வீங்கும்போது ஆக்சிஜன் போதாது, சில செல்கள் இறக்கும், இறந்ததை அள்ள நோய் எதிர்ப்புச் செல்கள் படையெடுத்து வரும், அவை விடும் ரசாயனங்களால் அங்கே அணையாத ஒரு மெல்லிய அழற்சி புகைந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் செல்லுக்கு இன்சுலினின் "வெளியே விடாதே" என்ற உத்தரவு காதில் விழாது, இரவு பகல் பாராமல் கொழுப்பு அமிலம் கசியும், கசிவது கல்லீரலிலும் தசையிலும் போய்த் தங்கும். இரண்டு நோயாளிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்குச் சர்க்கரை வந்து மற்றவருக்கு வராமல் இருப்பதற்கும் இதில்தான் பாதி பதில் இருக்கிறது. ஒவ்வொருவருடைய குதிரின் கொள்ளளவும் வேறு. தேவைக்கேற்பப் புதுப்புதுச் சின்னச் செல்களை உருவாக்கிக்கொள்ளும் உடம்பு நிறையக் கொழுப்பைத் தாங்கும். இருக்கிற செல்களையே ஊதப்பண்ணும் உடம்பு, பார்க்க ஒல்லியாக இருந்தாலும் சீக்கிரம் வழியத் தொடங்கும். பையோகிளிட்டசோன் என்று சர்க்கரை நோய்க்கு ஒரு மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிடுபவர்களுக்கு எடை கொஞ்சம் கூடும், ஆனால் கல்லீரல் கொழுப்பும் சர்க்கரையும் குறையும். தோலடியில் புதுக் கொழுப்புச் செல்கள் முளைக்கத் தூண்டி, கண்ட இடத்தில் கிடந்ததை அங்கே இழுத்து வைக்கிறது என்பதுதான் விஷயம்.

எந்த இடத்துக் கொழுப்பு என்பதும் முக்கியம். தொடை, இடுப்பின் பின்பக்கம் சேர்வது பெரும்பாலும் சாது. அங்கே சேர்வது கூடியவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு குறைவாகவே இருக்கிறது. வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர்வதுதான் வில்லங்கம். கையால் கிள்ள முடியாத கொழுப்பு அது, தொப்பையை உள்ளிருந்து முன்னால் தள்ளும். அங்கிருந்து கசியும் கொழுப்பு அமிலம் நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் கலக்கிறது. அதனால்தான் எடை இயந்திரத்தைவிட அளவு நாடா அதிகம் சொல்லும். வயிற்றுச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டாமல் இருக்கட்டும் என்பது எளிமையான, நினைவில் நிற்கும் விதி.

உறிஞ்சி எடுத்துவிட்டால் தீர்ந்ததா? 2004இல் ஒரு அமெரிக்க ஆய்வில் உடல் பருமன் உள்ள 15 பெண்களின் வயிற்றுத் தோலடியிலிருந்து, ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை லைப்போசக்ஷன் முறையில் எடுத்தார்கள். மூன்று மாதம்போலக் கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, இன்சுலின், ட்ரைகிளிசரைடு எதிலும் மாற்றம் இல்லை. அதே 10 கிலோவைச் சாப்பாட்டைக் குறைத்து இழந்திருந்தால் எல்லாமே இறங்கியிருக்கும். குதிரில் பாதியை இடித்து எடுத்துப்போனார்களே தவிர, அடுப்பங்கரையில் கிடந்த நெல் அப்படியே கிடந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் வெள்ளைக் கொழுப்பு. பழுப்புக் கொழுப்பு என்று ஒரு சின்ன உறவுக்காரன் உண்டு, அவன் சேமிப்பவன் இல்லை, செலவாளி. இவனுடைய செல்லில் ஒரு பெரிய துளிக்குப் பதிலாகப் பல சின்னத் துளிகள், கூடவே செல்லின் அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் ஏராளமாக. அவற்றில் உள்ள இரும்புதான் பழுப்பு நிறம் தருகிறது. எரிப்பதை வேலையாக மாற்றாமல் அப்படியே வெப்பமாக விட்டுவிடும் ஒரு புரதம் இதில் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது, அதனால் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்திலும் இந்தக் கொழுப்பு வைத்திருக்கிறது. 1551இலேயே கொன்ராட் கெஸ்னர் என்ற சுவிஸ் இயற்கை அறிஞர் மர்மோட் என்ற விலங்கில் இதைப் பார்த்துவிட்டு, கொழுப்பும் இல்லை சதையும் இல்லை என்று குழம்பி எழுதினார். பெரியவர்களுக்கு இது மறைந்துவிடும் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். புற்றுநோய் தேடும் பெட் ஸ்கேன் படங்களில், குளிரான அறையில் இருந்தவர்களின் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலேயும் காரணமில்லாமல் ஒளிர்ந்த புள்ளிகள் சந்தேகத்தைக் கிளப்பின, 2009இல் மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் பெரியவர்களுக்கும் இது இருக்கிறது என்று உறுதிசெய்தன. உடனே "குளிர்ந்த தண்ணீரில் குளித்தால் எடை குறையும்" என்று கிளம்பிவிட்டார்கள். அளவு மிகக் குறைவு. அதை நம்பித் தொப்பை கரையும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, எடை குறைக்கும்போது கொழுப்புச் செல்லுக்கு என்ன ஆகிறது? பெரும்பாலோர் அழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று கண்டுபிடிக்க உதவியது அணுகுண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் சோதனைக்காக வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறியது, அந்தச் சோதனைகளைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு செல் பிறக்கும்போது காற்றில் எவ்வளவு கார்பன்-14 இருந்ததோ அதன் சுவடு அந்தச் செல்லின் டிஎன்ஏவில் நிற்கும். இதை வைத்து ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2008இல் கொழுப்புச் செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் செல்கள் இறந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. எண்ணிக்கை சிறு வயதிலும் விடலைப் பருவத்திலும் முடிவாகிவிடுகிறது. அறுவை சிகிச்சையால் பெரிய அளவில் இளைத்தவர்களிடம் இரண்டு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோதும் செல்களின் எண்ணிக்கை குறையவில்லை, சுருங்கியிருந்தன, அவ்வளவுதான். காலிப் பைகள் மடித்து வைத்தபடி இருக்கின்றன, லெப்டினும் குறைவாக அனுப்பிக்கொண்டு. போன எடை ஏன் இவ்வளவு சுலபமாகத் திரும்பி வருகிறது என்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, பைக்குள் இருந்த எண்ணெய் எங்கே போயிற்று? வியர்வையில் உருகிவிட்டது, மலத்தில் போய்விட்டது, வெப்பமாகிவிட்டது, தசையாக மாறிவிட்டது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். 2014இல் இரண்டு ஆஸ்திரேலியர்கள் மருத்துவர்களையும் உணவு ஆலோசகர்களையும் உடற்பயிற்சியாளர்களையும் கேட்டபோது அவர்களிலும் பெரும்பாலோர் தவறாகவே சொன்னார்கள். வேதியியல் கணக்கு நேரானது: 10 கிலோ கொழுப்பு முழுக்க எரிந்தால் அதன் எடையில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாகவும் 1.6 கிலோ தண்ணீராகவும் வெளியேறும். அதாவது இளைத்தவர் தன் கொழுப்பில் பெரும்பகுதியை மூச்சாக விட்டிருக்கிறார்.